ஏரோ இந்தியா: பாஸ் எடுப்பது முதல் வீடு திரும்புவது வரை, விமானப் பித்தர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூருக்கு வடக்கே எலகங்கா விமானப்படைத் தளத்தில் இப்போதெல்லாம் ஒற்றைப்படை ஆண்டுகளில், பிப்ரவரி மாதத்தில் நடப்பது ஏரோ இந்தியா. 1996-இல் தொடங்கியது, 2025 பிப்ரவரி 10 முதல் 14 வரை நடந்தது 15-ஆவது. அடுத்தது 2027-இல் வர வேண்டும். அடிப்படையில் இது ஆயுத வியாபாரிகளும் அதிகாரிகளும் கோட்டு சூட்டு போட்டுச் சந்திக்கும் வணிகக் கண்காட்சி. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு, போர் விமானங்களைச் சட்டப்படி, பக்கத்தில் நின்று, வயிறு அதிரும் சத்தத்தோடு பார்க்க நம் ஊரிலிருந்து ஒரே இரவில் போய்ச் சேரக்கூடிய இடம் இதுதான். 2025-இல் அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சுகோய்-57 இரண்டும் ஒரே தளத்தில் வந்து நின்றன. வேறெங்கே போய் அதைப் பார்ப்பீர்கள்?

கூட்டத்தோடு கூட்டமாகப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை. எந்த விமானம் எப்போது கிளம்பும், எங்கே நின்றால் என்ன தெரியும் என்று தெரிந்து பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வானத்தைப் பார்ப்பதைவிடத் தரையைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இங்கே அதிகம் கிடைக்கும். எப்படி என்று பிறகு வருகிறேன்.

முதல் வேலை: நாளும் பாஸும்

ஐந்து நாட்களில் முதல் 3 நாட்கள் வணிகத்துக்கு, கடைசி 2 நாட்கள் பொதுமக்களுக்கு என்பதுதான் வழக்கமான பிரிவு. பாஸ்களை ஏரோ இந்தியாவின் அரசு இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். 2025-இல் இந்தியர்களுக்கு மூன்று விலை இருந்தது. சாகசங்களை மட்டும் பார்க்கும் பகுதிக்கு 1,000 ரூபாய். கண்காட்சி அரங்குகளும் சேர்த்து என்றால் 2,500 ரூபாய். வணிகப் பார்வையாளர்களுக்கு 5,000 ரூபாய். முதலாவதை ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'ஏடிவிஏ' என்பார்கள். விலையும் எந்த நாளுக்கு எந்த பாஸ் என்பதும் ஒவ்வொரு முறையும் மாறலாம், அதனால் அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள்.

முதல் இரண்டில் எதை எடுப்பது? என் கணக்கு இதுதான்: பறப்பதைப் படம் பிடிப்பது மட்டுமே குறிக்கோள் என்றால் ஏடிவிஏ போதும். அங்கே திறந்த வெளி, ஓடுபாதை எதிரிலேயே இருக்கும். ஆனால் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களைச் சுற்றி வந்து, சக்கரக் குழிக்குள் எட்டிப் பார்த்து, விமானியிடம் நாலு வார்த்தை பேச ஆசை இருந்தால் 2,500 ரூபாய் பாஸ்தான். உண்மையான பித்தருக்கு இரண்டாவது இல்லாமல் மனசு ஆறாது. பணம் இருந்தால் ஒரு நாள் இது, ஒரு நாள் அது.

விடுமுறை எடுக்க முடிந்தால், பொதுமக்கள் நாட்களில் முதல் நாளைத் தேர்ந்தெடுங்கள். கடைசி நாளில் கூட்டம் பொங்கும். வெளிநாட்டு விமானங்கள் சில அதற்குள் மூட்டை கட்டிவிடவும் கூடும்.

இன்னொரு ரகசியம், அவ்வளவு ரகசியமும் இல்லை: தொடக்க நாளுக்கு முன்பே பல நாட்கள் ஒத்திகை நடக்கும். வெளிநாட்டு விமானங்கள் வந்து இறங்குவதும் அப்போதுதான். எலகங்கா, ஜக்கூர் பக்கம் மொட்டை மாடி வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு ஒரு டப்பா இனிப்போடு போய்ச் சேருங்கள். ஒத்திகை என்றாலும் அது விளையாட்டு இல்லை. 2019 பிப்ரவரி 19 அன்று, தொடக்கத்துக்கு முந்தைய நாள், ஒத்திகையில் விமானப்படையின் சாகச அணியான சூர்யகிரணின் இரண்டு விமானங்கள் மோதி ஒரு விமானி உயிரிழந்தார்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ போகிறவர்கள் ரயிலிலோ பேருந்திலோ பெங்களூர் போய்ச் சேர்வது சுலபம். சிக்கல் அதற்கு அப்புறம். நகரத்திலிருந்து தளத்துக்குப் போகும் பல்லாரி சாலையில் ஹெப்பால் மேம்பாலம் என்று ஒன்று இருக்கிறது. சாதாரண நாளிலேயே அது கழுத்தைப் பிடிக்கும். கண்காட்சி நாளில் கேட்கவே வேண்டாம். ஆகவே முந்தின இரவு ஹெப்பாலுக்கு வடக்கே தங்குங்கள். எலகங்கா நியூ டவுன், ஜக்கூர், சஹகார நகர் என்று எங்கே கிடைத்தாலும் சரி. நகரத்தின் தெற்கில் சல்லிசாக அறை கிடைக்கிறதே என்று போட்டால், காலை முதல் காட்சி போய்விடும்.

நகரின் மையப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக்கிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் பிஎம்டிசி மாநகரப் பேருந்துகள் பல்லாரி சாலை வழியாகத்தான் போகின்றன. 2025-இல் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் வண்டியை விட்டுவிட்டு அங்கிருந்து பேருந்தில் போக ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்படி ஒன்று அறிவிக்கப்பட்டால் தயங்காமல் அதையே எடுங்கள். மெட்ரோ 2025 வரை அந்தப் பக்கம் எட்டவில்லை.

காரில்தான் போவேன் என்றால் ஒரு விஷயம். 2019 பிப்ரவரி 23 அன்று கண்காட்சியின் கார் நிறுத்துமிடத்தில் காய்ந்த புல்லில் தீப்பற்றி, காற்றில் பரவி, சுமார் 300 கார்கள் எரிந்து போயின. உரிமையாளர்கள் உள்ளே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் அந்த மண் சுருக்கென்று காய்ந்திருக்கும். காய்ந்த புல் முழங்கால் உயரம் நிற்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள், சூடான சைலன்சர் அதன்மேல்தான் உட்காரும். காப்பீட்டுக் காகிதமும் ஆர்சியும் வண்டிக்குள் இருப்பதைவிட உங்கள் கைபேசியில் நகலாக இருப்பது நல்லது.

விமானத்தில் பெங்களூருக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: தேவனஹள்ளி விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் சாகச நேரங்களில் வான்வெளியை மூடுவார்கள், பயணிகள் விமானங்களின் நேரம் மாறும். காட்சி நாளன்று காலை வந்திறங்கி நேராகப் போய்விடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

அப்புறம், எலகங்காவில் பிரியாணி கிடைக்கவில்லை என்றால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். கண்காட்சியை ஒட்டி, தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்குள் இறைச்சி விற்பனைக்கு மாநகராட்சி தடை போடுகிறது. 2025-இல் ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை தடை இருந்தது. இறைச்சிக் கழிவுக்குப் பருந்துகள் வட்டமிடும். பருந்து ஒன்று ஜெட் எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்தால் பருப்பு சாதம் அவ்வளவு மோசமாகத் தெரியாது.

பையில் என்ன

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் 92-ஆவது ஆண்டு விழா சாகசம் நடந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். பகல் 11 மணி முதல் 1 மணி வரை, நிழலே இல்லாத மணலில், லட்சக்கணக்கான கூட்டம். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மயங்கி விழுந்தார்கள். விமானங்கள் அன்று அருமையாகத்தான் பறந்தன. வெயிலும் தாகமும் முடிந்து வெளியேறும் நெரிசலும்தான் ஆளைச் சாய்த்தன. பெங்களூர் பிப்ரவரி காலையில் சிலுசிலுவென்று இருக்கும், ஸ்வெட்டர் கேட்கும். பதினொரு மணிக்கு அதே தளம் தோசைக்கல். அந்த ஏமாற்றுக் குளிரை நம்பித்தான் பலர் தொப்பி இல்லாமல் வருகிறார்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு, கழுத்தை மறைக்கும் தொப்பி, சன்ஸ்கிரீன், கருப்புக் கண்ணாடி. தொப்பிக்குத் தாடைக் கயிறு இருக்கட்டும். காற்றில் பறந்து ஓடுபாதைப் பக்கம் போகும் தொப்பியும் பிளாஸ்டிக் பையும் எஞ்சினுக்குள் இழுக்கப்படக்கூடிய குப்பை. அதனால்தான் தளத்து ஆட்கள் தரையில் கிடக்கும் சின்னத் திருகாணியைக்கூடப் பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். குடை வேண்டாம். பின்னால் நிற்பவரின் சாபம் சும்மா விடாது. உள்ளே எதை அனுமதிக்கிறார்கள் என்ற பட்டியல் பாஸோடு வரும். தண்ணீர்ப் பாட்டில், பெரிய பை, ட்ரைபாட் பற்றி அதில் என்ன இருக்கிறதோ அதுவே இறுதி. பாஸில் உள்ள பெயருக்கு ஒத்த அசல் அடையாள அட்டையும் வேண்டும்.

காது அடைப்பான் கட்டாயம். எஞ்சின் பின்னால் நெருப்பைக் கக்கும் ஆஃப்டர்பர்னரோடு கிளம்பும் சுகோய்-30 எம்கேஐயின் சத்தம் காதுக்கு வலியாகவே வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும், ஆனால் பலர் அதைக் காதின் வாசலில் செருகி வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை என்கிறார்கள். விரல்களுக்கு நடுவே வைத்து ஊசி மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அப்படியே பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்தால் பக்கத்தில் பேசுகிறவர் சட்டென்று தூரப் போன மாதிரி கேட்கும். குழந்தைகளுக்கு ஹெட்போன் வடிவக் காப்பு வாங்குங்கள். பஞ்சு வைப்பதால் ஒன்றும் ஆகாது. கைக்குழந்தையை அழைத்துப் போவதே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கே நிற்பது

காலைக் காட்சி சுமார் ஒன்பதரைக்குத் தொடங்கினால், ஏழரைக்கே சோதனை வரிசையில் இருக்க வேண்டும். உள்ளே போனதும் எல்லாரும் ஓடுகிற பக்கம் ஓடாமல் இரண்டு நிமிடம் நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, சூரியன். எலகங்கா ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்தே நகரும். நீங்கள் வடக்கு பார்த்து நிற்கும் இடம் கிடைத்தால் நாள் முழுக்க வெளிச்சம் முதுகில். தெற்கு பார்க்க நேர்ந்தால் விமானங்கள் பெரும்பாலும் கரிய நிழலுருவாகத்தான் விழும். அப்போது படத்தை மறந்துவிட்டு வடிவத்தையும் புகையையும் ரசிக்க வேண்டியதுதான்.

இரண்டு, காற்று. காற்றுப் பையைத் தேடுங்கள், ஆரஞ்சு நிறத்தில் கம்பத்தில் ஆடும். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். இந்த மாதத்தில் பெங்களூரில் பெரும்பாலும் கிழக்குக் காற்று, அப்படியானால் மேற்கு முனையிலிருந்து கிழக்கே ஓடும். ஆஃப்டர்பர்னர் நெருப்பைப் பார்க்க வேண்டுமா, ஓட்டம் தொடங்கும் முனைப் பக்கம் நகருங்கள். சக்கரம் தரையை விடும் கணம் வேண்டுமா, நடுவிலோ சற்றுத் தாண்டியோ. காற்று உங்களை நோக்கி அடித்தால் சூர்யகிரணின் புகை முழுக்க உங்கள் தலைமேல்தான் வரும், முதல் இரண்டு சுற்றுக்குப் பிறகு வானம் அழுக்காகிவிடும்.

மூன்று, மையம். சாகசங்கள் எல்லாம் ஒரு மையப் புள்ளியை வைத்து அமைக்கப்படுகின்றன, அது வழக்கமாக முக்கிய விருந்தினர் மேடைக்கு எதிரில். இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து உரசுவது போலக் கடப்பதும், மேலிருந்து பூவாக விரிவதும் அந்த மையத்திலிருந்து பார்த்தால்தான் ஒழுங்காகத் தெரியும். ஓரத்தில் நிற்பவருக்கு அவை குளறுபடியாக இருக்கும். ஆனால் தனி விமானம் காட்டும் சாகசத்துக்கு ஓரம்தான் ராஜா. மையத்தைக் கடந்த விமானம் திரும்பி வர வளைவது அங்கேதான். அப்போது முதுகு முழுவதையும் உங்கள் பக்கம் காட்டும்.

விமானங்கள் ஏன் நம் தலைமேல் வராமல் எதிரே ஒரு கோட்டிலேயே ஓடுகின்றன என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். 1988-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலிய அணி ஒன்றின் விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். 2002-இல் உக்ரைனின் லிவிவில் சுகோய்-27 கூட்டத்துக்குள் புகுந்து 77 பேர். கூட்டத்திலிருந்து இத்தனை தூரம், கூட்டத்தை நோக்கி மூக்கைத் திருப்பாதே என்ற கெடுபிடிகள் இறுகியது இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான்.

தரையைப் பாருங்கள்

தேர் கிளம்பப் போவதை மைக்கில் சொல்லும் முன்பே வடத்துக்குப் பக்கத்தில் நிற்பவன் தெரிந்துகொள்வான் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். அச்சடித்த நிகழ்ச்சி நிரலை நம்பாதீர்கள்; வரிசை மாறும், நேரம் தள்ளும், சிலது ரத்தாகும். தளம் உங்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே சொல்லிவிடும்.

தூரத்தில் நிற்கும் விமான வரிசையை ஒரு சின்ன பைனாகுலரில் பாருங்கள், எட்டு மடங்கு பெரிதாக்கும் ஒன்று போதும். முதலில் ஆட்கள் கூடுவார்கள். எஞ்சின் வாய்களை மூடியிருக்கும் சிவப்பு மூடிகள் கழலும். பறக்கும் முன் அகற்ற வேண்டிய பூட்டு முள்களில் தொங்கும் சிவப்பு நாடாக்களை ஒருவர் ஒவ்வொன்றாக உருவி, கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விமானியிடம் உயர்த்திக் காட்டுவார். எண்ணிக்கை சரி என்று விமானி தலையாட்டுவார். பின்னால் காற்று நெளியத் தொடங்கினால் எஞ்சின் ஓடுகிறது. சிவப்பு விளக்கு சிமிட்டும். வாலும் இறக்கை ஓரங்களும் மேலும் கீழும் அசையும், அது கட்டுப்பாட்டுச் சோதனை. கடைசியாகச் சக்கரக் கட்டையை இழுத்துக்கொண்டு ஒருவர் ஒதுங்கி சல்யூட் அடிப்பார். அந்த சல்யூட்டைப் பார்த்ததும் கேமராவை எடுங்கள். பக்கத்தில் இருப்பவர் சமோசா வாங்கப் போயிருப்பார்.

அப்புறம், சத்தத்தை நம்பித் தலையைத் திருப்பாதீர்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 விநாடி ஆகும். 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் தாண்டிவிடும். சத்தம் வந்த திசைக்கு முன்னால் தேடுங்கள். ஒரு விமானத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எதிர்ப் பக்கத்திலிருந்து சத்தமின்றி வருவது சாகச அணிகளின் பழைய குறும்பு. அணியில் ஒன்பதை எண்ணிவிட்டு ஏழுதான் தெரிகிறது என்றால் மற்ற இரண்டும் உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ வந்துகொண்டிருக்கும்.

மேகம் தாழ்ந்திருந்தால் ஏமாறத் தயாராக இருங்கள். ஒவ்வொரு சாகசத்துக்கும் உயரமான வடிவம், தட்டையான வடிவம் என்று மாற்றுத் திட்டங்கள் உண்டு. மேகம் கீழே இருந்தால் செங்குத்து வட்டங்கள் நீங்கி, திருப்பங்களும் சுழல்களும் மட்டும் இருக்கும். காலைப் பனிமூட்டம் இருந்தால் அன்று பிற்பகல் காட்சியைத் தவற விடாதீர்கள்.

எதை எப்படிப் பார்ப்பது

சூர்யகிரண் அணி 1996-இல் கிரண் பயிற்சி விமானங்களோடு பீதரில் உருவானது. 2011-இல் நிறுத்தப்பட்டு 2015-இல் ஹாக் விமானங்களோடு திரும்பி வந்தது. ஒன்பதும் ஒன்றாக வரும்போது அழகு. ஆனால் கவனிக்க வேண்டியது இறக்கைகளுக்கு இடையே உள்ள இடைவெளி, வளைவில் அது மாறுகிறதா என்பது. மாறாது, அதுதான் வேலை.

சாரங் அணி நம் சூலூர்க்காரர்கள். மயில் வரைந்த துருவ் ஹெலிகாப்டர்கள். ஜெட்டுக்காக வந்த கூட்டம் இந்த நேரத்தில்தான் சாப்பிடப் போகும், போகாதீர்கள். ஹெலிகாப்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி வருவது ஜெட் காட்ட முடியாத வித்தை. 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்த பிறகு அந்த வகை முழுவதும் தரையிறக்கப்பட்டதால் அந்த ஆண்டு சாரங் பறக்கவில்லை.

தேஜஸ், 2001 ஜனவரி 4-ஆம் தேதி இதே பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. அதன் முதல் இரண்டு படைப்பிரிவுகளும் சூலூரிலிருந்து இயங்கியவை. சின்ன விமானம், எவ்வளவு குறுகிய வட்டத்தில் திரும்புகிறது என்று பாருங்கள். சுகோய்-30 எம்கேஐ நேர் எதிர். அவ்வளவு பெரிய உடம்பை எஞ்சின் வாய்களைத் திருப்பித் திருப்பி, நின்ற இடத்தில் சரிந்து விழுவது போலக் காட்டும். அந்த நேரத்தில் அதன் வால் முனையைப் பாருங்கள், எஞ்சின் வாய்கள் தனித்தனியே அசைவது தெரியும். காலை ஈரத்தில் கூர்மையாகத் திரும்பினால் இறக்கை மேல் வெள்ளை ஆவி பொங்கும். பத்தரைக்குப் பிறகு காற்று உலர்ந்துவிடும், அதுவும் போய்விடும்.

கேமரா

கைபேசி போதுமா? பறக்கும் விமானத்துக்குப் போதாது. வீடியோவுக்கும் நிறுத்தி வைத்த விமானத்துக்கும் போதும். கேமரா என்றால் 300 மில்லிமீட்டர் லென்ஸாவது வேண்டும், 400 அல்லது 600 வரை இருந்தால் நிம்மதி. பெங்களூரில் வாடகைக்கு லென்ஸ் கிடைக்கிறது. ஆனால் ஒரு மாதம் முன்பே பதியுங்கள், எல்லாரும் அதே வாரத்துக்குத்தான் கேட்பார்கள்.

ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000 முதல் 1/2000 வரை. ஹெலிகாப்டருக்கும் விசிறி உள்ள விமானத்துக்கும் அந்த வேகம் வைத்தால் விசிறி உறைந்து, பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டது போல் ஆகிவிடும். அவற்றுக்கு 1/250-க்கு இறங்குங்கள், கை பழகியிருந்தால் 1/125. இதில் பத்தில் ஏழு படம் கலங்கிப் போகும், அது சகஜம். முந்தைய வாரம் வீட்டு வாசலில் நின்று போகிற பைக்குகளைத் தொடர்ந்து படமெடுத்துப் பழகுங்கள். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், கையால் இழுக்கக் கூடாது.

வானம் வெளிச்சமாக இருப்பதால் கேமரா ஏமாந்து விமானத்தைக் கறுப்பாக்கும். வெளிச்ச ஈடுகட்டலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) கூட்டல் 0.7 அல்லது 1 வையுங்கள். தொடர்ந்து குவியும் ஆட்டோஃபோகஸ், கேமரா சுருக்காத மூலப்படமான ரா கோப்பு, ஒரே அழுத்தலில் சில படங்களாகச் சின்னச் சின்ன பர்ஸ்ட். விரலை எடுக்காமல் அழுத்தினால் முக்கியமான கணத்தில் கேமராவின் நினைவகம் நிரம்பி நின்றுவிடும். லென்ஸ் மாற்றுவதை அங்கே செய்யாதீர்கள், அத்தனை தூசி. பகல் ஏறியதும் ஓடுபாதையின் கானல் எல்லாப் படத்தையும் நெளிய வைக்கும். அதற்கு எந்த விலை உயர்ந்த லென்ஸும் மருந்து இல்லை. தரையில் ஓடும் விமானங்களைக் காலையிலேயே எடுத்துவிட்டு, அப்புறம் வானத்துக்கு மாறுங்கள்.

சூர்யகிரணின் எதிரெதிர்க் கடப்பை எடுக்க, மையத்தைக் கண்டுபிடித்து அங்கே குவித்து வைத்து, ஒரு விமானத்தை மட்டும் தொடருங்கள். இரண்டையும் பார்க்க நினைத்தால் இரண்டும் கிடைக்காது. கொஞ்சம் அகலமாகவே எடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நிறுத்தி வைத்த விமானங்கள்

நடுப்பகல் இடைவேளை இதற்குத்தான். எண்களைக் குறிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இங்கே தொடங்கலாம். இந்திய விமானப்படை விமானங்களின் பின்னுடலில் எழுத்தும் எண்ணும் இருக்கும். சுகோய்-30 எம்கேஐயில் எஸ்பி என்று தொடங்கும். தேஜஸில் ஒற்றை இருக்கை எல்ஏ, இரட்டை இருக்கை எல்டி. ரஃபேலில் இரட்டை இருக்கைக்கு ஆர்பி, ஒற்றைக்கு பிஎஸ். அவை பதௌரியா, தனோவா என்ற இரண்டு முன்னாள் தளபதிகளின் பெயர் எழுத்துகள். எண்ணை நோட்டில் குறித்து, வால் சின்னத்தைப் படமெடுத்து வைத்தால் அடுத்த முறை அதே விமானத்தை வேறு தளத்தில் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி. சுறாச் சின்னத்தோடு ஒரு சுகோய் கண்ணில் பட்டால் அது நம் தஞ்சாவூர்ப் படைப்பிரிவாக இருக்கலாம். 2020 ஜனவரியில் அங்கே பணியேற்ற 222-ஆவது படைப்பிரிவு அது.

விமானத்தின் அருகில் நிற்கும் தொழில்நுட்ப ஊழியரிடம் பேசுங்கள். விமானியைச் சுற்றி செல்ஃபிக் கூட்டம் இருக்கும், இவரிடம் யாரும் வரமாட்டார்கள். தமிழ் பேசுகிறவர் அகப்பட்டால் அதிர்ஷ்டம். வீச்சு எவ்வளவு, ரேடார் எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. டயர் எத்தனை தடவை இறங்கினால் மாற்றுவீர்கள், இந்தக் கதவைத் திறக்க எந்த ஸ்பேனர் என்று கேளுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

செய்யக் கூடாதவை

ட்ரோன் பையில் இருந்தாலே பிரச்சினை, வீட்டிலேயே விடுங்கள். வெளிநாட்டு விமானப் பித்தர்கள் விமானிகளின் பேச்சைக் கேட்கக் கையில் வைத்திருக்கும் வானொலி ஸ்கேனரை இங்கே உரிமம் இல்லாமல் கொண்டு போகாதீர்கள். விமானத் தடம் காட்டும் செயலிகளில் போர் விமானங்கள் பெரும்பாலும் தெரியாது; வந்திறங்கும் போக்குவரத்து விமானங்கள் சில தெரியலாம்.

காட்சியில் வைத்ததைத் தாராளமாகப் படமெடுங்கள். தளத்தின் வாயில், காவல் கோபுரம், சுற்றுச்சுவர், அந்தப் பக்கம் தெரியும் கொட்டகை, இவற்றின் மேல் லென்ஸைத் திருப்பாதீர்கள். கண்காட்சி முடிந்தால் அது மறுபடியும் தடை செய்யப்பட்ட இடம், 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் அங்கே பொருந்தும். வெளியே பல்லாரி சாலையிலும் மேம்பாலத்திலும் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பவர்களைப் போலீஸ் விரட்டும்; பின்னால் வரும் லாரி விரட்டாது.

வெளியேறுவது

கடைசி விமானம் இறங்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். நீங்கள் எழாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து மீதித் தண்ணீரைக் குடித்து, படங்களைப் புரட்டி, குப்பையைக் கட்டுங்கள். இழுத்துப் போகப்படும் விமானங்களும், சிவப்பு நாடாக்களைத் திரும்ப மாட்டும் ஆட்களும், சாய்ந்த வெயிலில் பொன்னிறமாக இருக்கும். அன்றைய நல்ல வெளிச்சம் அப்போதுதான். அவசரமாகப் போக வேண்டியவர்கள் கடைசிக்கு முந்தின நிகழ்ச்சியிலேயே கிளம்பிவிடுவது மேல். நடுவில் போவதுதான் தப்பு. கூட வந்தவர்கள் பிரிந்தால் சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே பேசி வையுங்கள், அத்தனை பேர் கூடும் இடத்தில் கைபேசி சிக்னல் படுத்துவிடும். அன்றிரவு எட்டு மணி ரயிலுக்கு டிக்கெட் போடாதீர்கள். பதினொரு மணிக்கு மேல் கிளம்பும் வண்டி, முடிந்தால் மறுநாள் காலை.

இரண்டு ஏரோ இந்தியாவுக்கு நடுவே அக்டோபர் 8 விமானப்படை நாளை ஒட்டிய சாகசங்களைக் கவனியுங்கள். 2022-இல் சண்டிகர், 2023-இல் பிரயாக்ராஜ், 2024-இல் சென்னை என்று ஊர் ஊராகப் போயிருக்கிறது. 2024 ஆகஸ்டில் சூலூரில் நடந்த தரங் சக்தி பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் விமானங்கள் வந்தன; கோவைக்காரர்கள் மொட்டை மாடியிலிருந்தே டைஃபூன் போர் விமானம் பார்த்தார்கள். கடவுச்சீட்டு இருந்தால் இரட்டைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் சிங்கப்பூர் விமானக் கண்காட்சி இருக்கிறது. அங்கே வெயில் மட்டுமில்லை, மழையும் உண்டு. கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்துக்கொள்ளுங்கள்.